மனை முதலில், வடிகால் கடைசியில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் மழைநீர் வடிகால் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடிகாலைத் தாண்டி மனை, ரோடு, பஸ் ஸ்டாண்டு, அடுக்குமாடி என்று போய்விட்டன. போனது நல்லதுதான். இவை எல்லாமே ஒரே கோப்பில் இருக்க வேண்டியவை. நகரமைப்பு வேலையில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து, பணிக்காலம் முழுக்க வரைபடங்களோடு வாழ்ந்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கடிதங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்தும் அதைச் சுற்றியும் வந்தவை. ஓசூரிலும் கோவையிலும் இருப்பவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி வாசித்தாலும் பொருந்தும்.

கேள்வி: அம்மா, 2009-ல் பேங்க் லோன் போட்டு மடிப்பாக்கத்தில் வீடு வாங்கினோம். பட்டா, அப்ரூவல், வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருக்கிறது. 2015-லும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, 2023 டிசம்பரிலும் வந்தது. ஹாலில் முழங்கால் அளவு. சட்டப்படி எல்லாம் சரியாக உள்ள வீட்டுக்குள் எப்படித் தண்ணீர் வருகிறது?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: உங்கள் காகிதங்களில் தப்பு இருக்காது, அம்மா. அப்ரூவல் கொடுக்கும்போது பார்ப்பது உங்கள் மனையை மட்டும்தான். நான்கு பக்கமும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, எத்தனை மாடி, முன்னால் ரோடு எவ்வளவு அகலம், இவ்வளவுதான். மேலேயிருந்து எந்த ஏரியின் உபரி நீர் உங்கள் தெரு வழியாகப் போக வேண்டும் என்ற கேள்வியே அந்தக் கோப்பில் வராது. பல வருஷம் அந்தக் கோப்புகளைப் புரட்டியவள் நான். ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கும். ஐந்நூறு கோப்பைச் சேர்த்து ஒரே வரைபடத்தில் வைத்தால்தான் வாய்க்கால் காணாமல் போயிருப்பது தெரியும். அப்படிச் சேர்த்து வைத்துப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

உங்கள் பகுதியின் தண்ணீர்க் கதையைச் சொல்கிறேன். கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. இப்படித் தென்சென்னையின் சுமார் 30 ஏரிகளின் தண்ணீர் அந்தச் சதுப்பு நிலத்தில்தான் வந்து சேர்கிறது. அங்கே தேங்கி நின்று, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருந்த இடம் அது. பெருங்குடி குப்பைக் கிடங்கு அதன் மேல்தான் வளர்ந்தது. துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடி ரோடு அதன் குறுக்கே போனது. ஐடி கட்டடங்கள் அதன் ஓரத்தை எடுத்துக்கொண்டன. 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்துக் காப்பாற்றியது 1,247 ஹெக்டேர் சொச்சம். ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் ஆய்வு முடியும்வரை புதிய அனுமதி தரக் கூடாது என்று 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னபோது, இதை ஒரு இருபது வருஷம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஏரியை விட்டுவிட்டு, ஏரிக்குக் கீழே இருந்த வயலை நினைத்துப் பாருங்கள். வரப்பு கட்டிய நெல்வயல் ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரத்துக்காவது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆயக்கட்டு முழுக்க அப்படி நின்று, மெல்ல மெல்ல வடிந்து போகும். விவசாயம் நின்று, அந்த நஞ்சையை மனையாகப் பிரித்தபோது முதலில் செய்த வேலை என்ன? லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மேடாக்கியது. அந்த மனையில் நின்ற தண்ணீர் பக்கத்து மனைக்குப் போனது. அடுத்து வந்த லே அவுட்காரர் அதைவிட ஓரடி கூட்டி மேடாக்கினார். அதனால் ஒரு பகுதியில் முதலில் குடிவந்தவர்கள்தான் பள்ளத்தில் கிடப்பார்கள். 2009-ல் வந்த நீங்கள் இப்போது அந்தப் பள்ளத்தில் இருக்கிறீர்கள். நீர்ப்பாசனம் இருந்தவரை மதகைத் திறக்க, வாய்க்காலைத் தூர்வார ஊரில் ஆள் இருந்தது. பயிர் போனதும் அந்த ஆளும் போய்விட்டார். வாய்க்காலைப் பராமரிக்கும் பொறுப்பு அதன்பிறகு யாருக்கும் முழுதாகக் கைமாறவில்லை. மடிப்பாக்கம் 2011 வரைக்கும் தனிப் பஞ்சாயத்து. அதன்பிறகுதான் மாநகராட்சிக்குள் வந்தது. வீடுகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே எழும்பிவிட்டது.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அந்த மழைக்கு எந்த வடிகாலும் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் வருஷா வருஷம் 10, 15 சென்டிமீட்டர் மழைக்கே நிற்கிறதே, அதற்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது. இதே சென்னையில் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வருஷத்துக்கு 140 சென்டிமீட்டர் அளவில் மழை பெய்யும் ஊர் இது. நான்கு வருஷ இடைவெளியில் வந்த அந்த வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் காரணம் ஒன்றுதான்: தண்ணீர் தங்க வைத்திருந்த இடங்களை விற்றுவிட்டோம்.

இப்போது என்ன செய்யலாம்? தனியாக வாசலில் சுவர் எழுப்பாதீர்கள். எழுப்பினால் அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் போகும், அவரும் எழுப்புவார். தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து, நில அளவைத் துறையிலிருந்து உங்கள் கிராம வரைபடத்தை வாங்குங்கள். அதில் ஏரி, உபரி நீர் வழியும் கலங்கல், வாய்க்கால் எல்லாம் பழைய நிலையில் இருக்கும். ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவைக் காட்டும் புல வரைபடமும், அது என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும் இணையத்திலேயே கிடைக்கும். வாய்க்கால் புறம்போக்கு என்று எந்தெந்த சர்வே எண் இருக்கிறது, அது இன்று எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்த்துக் குறியுங்கள். "எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது" என்று மனு கொடுத்தால் மோட்டார் அனுப்புவார்கள். "இந்த சர்வே எண்ணில் உள்ள வாய்க்கால் இந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது" என்று கொடுத்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: 1978-ல் என் அப்பா கட்டிய வீடு. அப்போது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போவோம். இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், நங்கநல்லூர்

பதில்: பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுக்கொண்டே வந்ததன் பலன் இது. சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குப் போடுவதற்கு மில்லிங் என்று பெயர். அதற்கான இயந்திரம் நம்மிடம் இருக்கிறது, மில்லிங் செய்துதான் ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அரசு கண்டிப்பாகவும் சொல்லியிருக்கிறது. பெரிய ரோடுகளில் ஓரளவு நடக்கிறது. உள்தெருக்களில் யாராவது வாசலில் நின்று கேட்டால்தான் நடக்கும்.

வீட்டைத் தூக்கும் வேலையை நான் மேற்கு மாம்பலத்தில் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். தரையைச் சுற்றிலும் பள்ளம் தோண்டுகிறார்கள். சுவரின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லைப் பெயர்த்து, இரும்பு சேனலைச் செருகி, அதன் கீழே வரிசையாக ஜாக்கிகளை வைக்கிறார்கள். அப்புறம் ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு திருகு. வீடு எழும்புவது கண்ணுக்கே தெரியாது. வேண்டிய உயரம் வந்ததும் இடையில் செங்கல்லும் கான்கிரீட்டும் நிரப்புகிறார்கள். மூன்று நான்கு அடி தூக்க மாதக்கணக்கில் ஆகிறது. அதுவரை குடும்பம் வேறு வீட்டில் வாடகைக்கு. உள்ளே தரை முழுவதையும் மறுபடி போட வேண்டும்.

செய்யலாமா என்று கேட்டால், முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் நேரில் வந்து சுவரையும் அடித்தளத்தையும் பார்த்து எழுதித் தரட்டும். ஒப்பந்தக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்துச் சுவரோடு ஒட்டிய வீடு என்றால் வேண்டாம். தூக்கினாலும் மறுபடி ரோடு ஏறினால் இருபது வருஷத்தில் உங்கள் பேரன் இதே கடிதத்தை எழுதுவான். அதனால் தூக்குகிறீர்களோ இல்லையோ, உங்கள் வார்டில் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். எங்கள் தெருவில் ரோடு போடும்போது மில்லிங் செய்ய வேண்டும், முன்னும் பின்னும் ரோட்டின் உயரத்தை அளந்து எழுத வேண்டும் என்று தீர்மானத்தில் எழுத வையுங்கள். சென்னையில் 2016-லிருந்து 2022 வரை கவுன்சிலரே கிடையாது; யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் ஆறு வருஷம் போனது. இப்போது கேட்க ஆள் இருக்கிறார், கேளுங்கள்.

கேள்வி: ஒரகடத்தில் கம்பெனி வேலை. வாலாஜாபாத் பக்கம் ஒரு புது நகரில் தவணையில் மனை தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் கூட்டிப் போய்க் காட்டி, சாப்பாடும் போட்டார்கள். "பஞ்சாயத்து அப்ரூவ்டு, வீடு கட்ட ஒன்றும் பிரச்சினை இல்லை" என்கிறார்கள். விலை குறைவாக இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: வாங்காதே தம்பி. லே அவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. சென்னைப் பெருநகரம் என்றால் சிஎம்டிஏ என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமம், வெளியே என்றால் டிடிசிபி என்ற நகர் ஊரமைப்பு இயக்ககம். 2016 செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்டது. அப்போது எத்தனையோ குடும்பங்கள் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் நின்றார்கள். அடுத்த வருஷம், அனுமதி இல்லாத மனைகளைப் பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளும் வரன்முறைத் திட்டம் வந்தது. அது 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான். இன்று புதிதாக வாங்கும் உனக்கு அந்தக் கதவு இல்லை.

டிடிசிபி எண் சொன்னால், அந்த எண்ணுக்குரிய லே அவுட் வரைபடத்தைக் கேட்டு வாங்கு. ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா பார். விளம்பரத்தில் 30 அடி ரோடு, பூங்கா என்று போட்டிருப்பார்கள். ரோடும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா என்று கேள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே அவுட் என்றால் ரோடு போக மீதி இடத்தில் 10 சதவீதம் பொதுவுக்கு விட வேண்டும் என்பது விதி. ஒப்படைக்காமல் வைத்திருந்து, பத்து வருஷம் கழித்து அந்தப் பூங்காவையே மனையாகப் பிரித்து விற்றதை நான் கோப்பில் பார்த்திருக்கிறேன். கடைசியாக ஒன்று. வேனில் கூட்டிப் போனால் வெயில் நாளில்தான் கூட்டிப் போவார்கள். ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் நீயே பைக்கில் போய்ப் பார். அந்த ஊர் ஆடு மாடு மேய்ப்பவரிடம் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேள். எந்த அலுவலக வரைபடத்திலும் இல்லாத தகவல் அவரிடம் கிடைக்கும்.

கேள்வி: ஏரியையும் ஆற்றையும் ஆக்கிரமித்தவர்களை எல்லாம் இடித்து அப்புறப்படுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? ஓட்டுக்குப் பயந்துதானே விட்டுவைக்கிறார்கள்?
– வாசகர், அண்ணாநகர்

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் யாரிடமிருந்து தொடங்குவது என்று யோசித்துப் பாருங்கள். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் வந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். உங்களுக்குப் பக்கத்திலேயே முகப்பேரில் ஏரித் திட்டம் என்ற பெயரிலேயே வீட்டுவசதி வாரியம் மனை போட்டு விற்றது. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள் நிற்கின்றன. ஏரியில் கட்டியவர்களில் பெரிய கை அரசுதான். அதற்கடுத்து, அனுமதிக்கு மேல் மாடி எழுப்பிய பெரிய கட்டடங்கள். அவற்றுக்கு 1998-ல் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, பணம் கட்டினால் வரன்முறை என்று வழி செய்தார்கள். ஒரே ஒரு முறைதான் என்று சொல்லி வந்தது, பிறகு தேதி நீண்டுகொண்டே போனது.

ஆனால் இடிக்கும் இயந்திரம் போவது ஆற்றங்கரைக் குடிசைக்கு. நீர்வழி திறக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கால்வாயை அடைத்திருப்பது கல்லூரிச் சுவராக இருந்தாலும் கடை வளாகமாக இருந்தாலும் அதே வேகத்தில் திறக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அடுத்த கடிதத்தை நீங்களும் படித்துவிடுங்கள்.

கேள்வி: 2017 வரை அடையாற்றங்கரையில் குடிசை. எங்களைப் பெரும்பாக்கம் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டு வேலை செய்கிறேன். முன்பு கோட்டூர்புரத்துக்கு நடந்து போய் மூன்று வீடு பார்ப்பேன். இப்போது விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால்தான் ஒரு வீடு பார்க்க முடிகிறது. பெரிய மகளை வருஷ நடுவில் ஸ்கூல் மாற்ற முடியாமல் படிப்பு நின்றது. லிஃப்ட் ஓடாத நாளில் மாமியாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். வெள்ளம் வரும் இடம் என்று சொல்லித்தானே கூட்டிவந்தார்கள், இங்கேயும்தான் தண்ணீர் நிற்கிறது. ஏன் இப்படிச் செய்தார்கள்?
– வாசகி, பெரும்பாக்கம் (பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுத்தது)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன், அம்மா. நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறிவிட்டது; ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தை ஒட்டி அரசு நிலம் மொத்தமாகக் கிடைத்தது. அதனால் 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று ஒரே பக்கமாகக் கட்டிக்கொண்டே போனார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். திட்ட அறிக்கையில் வீடுகளின் எண்ணிக்கை இருக்கும். அந்த வீட்டில் இருப்பவர் எங்கே வேலை பார்க்கிறார் என்ற தகவல் இருக்காது. உங்களுக்கு ஆற்றங்கரையில் இருந்தது குடிசை மட்டுமா? நடந்து போகும் தூரத்தில் மூன்று வீட்டு வேலை, ஸ்கூல், அரசு ஆஸ்பத்திரி, கடனுக்குச் சாமான் தரும் கடை. இவ்வளவையும் எடுத்துக்கொண்டு நான்கு சுவர் கொடுத்தார்கள்.

இதற்கு வேறு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, மக்கள் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். கடற்கரை ஓரத்தில் இன்றைக்கும் அந்தக் குடியிருப்புகள் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான் அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்தில் இடம் கிடைக்கும் என்பதை ஒரு உயிர் போன பிறகுதானா கண்டுபிடிக்க வேண்டும்?

வந்த இடத்திலிருந்து நீங்கள் திரும்பிப் போக முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்டுப் பெறக் கூடியவற்றைச் சொல்கிறேன். லிஃப்டைச் சரிசெய்யச் சொல்லி ஒவ்வொரு முறையும் வாய்வார்த்தையாகக் கேட்காமல், பிளாக் எண், லிஃப்ட் நின்ற தேதி, சரியான தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாதா மாதம் அதன் நகலை வாரியத்தின் எஸ்டேட் அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மகளிர் இலவசப் பயணம் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில்தான். அதனால் விடியற்காலையில் கோட்டூர்புரம், அடையாறு பக்கம் போகும் சாதாரணப் பஸ் எத்தனை என்பதுதான் உங்கள் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ஐம்பது பேர் கையெழுத்திட்டு, நேரத்தைக் குறிப்பிட்டு, போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுங்கள். எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு என் அன்பு. உங்கள் மகள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத முடியும். விவரங்களைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: கிளாம்பாக்கத்தில் இறங்கி வயதான அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இவ்வளவு பெரிய பஸ் நிலையத்தை ஏன் அங்கே கட்டினார்கள்?
– வாசகர், திண்டிவனம்

பதில்: இடம் தப்பில்லை. வெளியூர்ப் பஸ்கள் நகரத்துக்குள் வராமல் இருப்பது அவசியம். 88 ஏக்கரில் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். 2023 டிசம்பர் 30-ல் திறந்த அன்று வாசலில் ஒரு ரயில் நிலையம் இல்லாததுதான் தப்பு. கோயம்பேட்டிலும் இதுவேதான் நடந்தது: பஸ் நிலையம் 2002-ல், மெட்ரோ 2015-ல். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பஸ் நிலையத்தைத் திறப்பது என்று ஒரே ஒரு முறை செய்து பார்த்தால் நன்றாயிருக்கும்.

கேள்வி: ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன். சென்னைக்கு 1970-களிலிருந்தே மாஸ்டர் பிளான் இருக்கிறது என்று படித்தோம். பிறகு ஏன் ஊர் இப்படி வளர்ந்தது? திட்டம் தோற்றுவிட்டதா, திட்டமிடுவதே வீணா?
– மாணவி, திருச்சி

பதில்: நல்ல கேள்வி, கண்ணு. முதல் பெருந்திட்டம் 1970-களின் நடுவில் வந்தது. மறைமலை நகர், மணலி புதுநகர் மாதிரி துணை நகரங்கள், வட்டச் சாலைகள் எல்லாம் அதில் உண்டு. இரண்டாவது 2008 செப்டம்பரில், 2026-ஐக் கணக்கில் வைத்து வந்தது. தேதிகளை மறுபடி பார். டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் திறந்தது 2000-ல். பழைய மகாபலிபுரம் ரோடு முழுக்க ஐடி கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் நிறைந்து, தண்ணீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் இல்லாமல் டேங்கர் லாரியில் ஊர் ஓட ஆரம்பித்த காலம் அது. இரண்டாவது திட்டம் வரும்போது அந்த ரோட்டின் தலையெழுத்து எழுதி முடிந்துவிட்டது. நடந்து முடிந்ததற்கு வண்ணம் அடிப்பதுதான் வரைபடத்தில் எங்களுக்கு மிஞ்சிய வேலை. குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா. பச்சையாக இருந்த சர்வே எண்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாவதைக் கையால் வண்ணம் தீட்டிப் பார்த்தவள் நான்.

இன்னொரு காரணம், திட்டம் போடும் அலுவலகத்தின் கையில் பணம் கிடையாது. குடிநீர் ஒரு வாரியம், ஏரி ஒரு துறை, மின்சாரம் ஒரு கழகம், பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறை, சின்ன ரோடு மாநகராட்சி. ஒவ்வொன்றுக்கும் தனி பட்ஜெட். பெருந்திட்டத்தில் 2015-க்குள் இந்தப் பகுதிக்குச் சாக்கடை என்று எழுதினாலும், அதை நிறைவேற்ற வேண்டியவர் வேறொருவர். நகரத் திட்டமிடுதலை உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1992-லேயே சொன்னது. பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் வரியே அதுதான். எங்கே ஒப்படைத்தார்கள்?

மூன்றாவது, ஆள் இல்லை. இந்தியாவின் 7,933 நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 65 சதவீதத்துக்குப் பெருந்திட்டமே இல்லை என்று நிதி ஆயோக் 2021-ல் அறிக்கை கொடுத்தது. மாநிலங்களில் நகரமைப்பு வல்லுநர்களுக்கென்று இருக்கும் பணியிடங்களே நாலாயிரத்துக்குள். அதிலும் நிறைய காலி. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 48 சதவீதம் பேர் நகரவாசிகள். 2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்தார்கள். ஆள் அதே விகிதத்தில் கூடவில்லை.

வீணா என்று கேட்டாய். குஜராத்தில் ஒரு முறை இருக்கிறது. ஊர் விரியும் திசையில் உள்ள நிலங்களை மொத்தமாகச் சேர்த்து, எல்லோரிடமும் ஒரு பங்கு எடுத்து ரோடு, பள்ளி, பூங்காவுக்கு ஒதுக்கி, மீதியைத் திருத்திய மனையாக அவரவருக்கே திருப்பித் தருகிறார்கள். நிலத்தின் அளவு குறைந்தாலும் மதிப்பு கூடுவதால் உரிமையாளர் ஒத்துக்கொள்கிறார். ரோடு முதலில் வருகிறது, வீடு பிறகு. அகமதாபாத்தின் பெரும்பகுதி இப்படி உருவானதுதான். நிலத் தொகுப்பு என்று நம் சட்டத்திலும் இதற்கு இடம் வந்துவிட்டது. செய்து காட்ட உன்னைப் போன்றவர்கள் வேண்டும். ஆர்க்கிடெக்சர் முடித்ததும் எம்.பிளான் என்ற நகரமைப்பு முதுநிலைப் படிப்பைப் படி. அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது.

கேள்வி: அடுத்த பெருந்திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்கிறார்கள். எங்களைப் போன்ற சாதாரணக் குடியிருப்போர் சங்கம் எழுதினால் யாராவது படிப்பார்களா?
– குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், அம்பத்தூர்

பதில்: படிப்பார்கள். படிக்க வேண்டிய மேஜையில் நானே உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வரைவுத் திட்டம் வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும் என்பது 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம். "அம்பத்தூரைக் காப்பாற்றுங்கள்" என்று நாலு பக்கம் எழுதினால் அது பொதுக் கருத்து என்ற கட்டில் போய்விடும். கிராமத்தின் பெயர், சர்வே எண், வரைவில் என்ன வண்ணம் போட்டிருக்கிறது, அ-பதிவேட்டில் என்ன இருக்கிறது, மழைக்காலத்தில் எடுத்த தேதியோடு ஒரு போட்டோ, என்ன மாற்ற வேண்டும் என்று ஒரு வரி. இவ்வளவு இருந்தால் அந்த மனுவைத் தனியாக எடுத்துக் கள ஆய்வுக்கு அனுப்பியே தீர வேண்டும்.

அதைவிட முக்கியம், பெருந்திட்டம் வந்த பிறகும் விழிப்பாக இருப்பது. நில உபயோக மாற்றத்துக்கு ஆட்சேபம் கேட்டு நாளிதழில் பொடி எழுத்தில் அறிவிப்பு வரும். விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு, குடியிருப்பிலிருந்து வணிகத்துக்கு என்று சர்வே எண்ணோடு இருக்கும். உங்கள் சங்கத்தில் பணி ஓய்வு பெற்று, காலையில் பேப்பரை வரி விடாமல் படிப்பவர் ஒருவராவது இருப்பார். அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். உங்கள் பகுதியின் சர்வே எண்கள் உள்ள பட்டியலை ஒரு அட்டையில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஆட்சேபத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த அட்டையிலுள்ள எண் ஒன்று எப்போதாவது பேப்பரில் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், மனு எழுத உதவுகிறேன்.